கட்டற்ற மென்பொருளுக்கு ஸ்பிரின்ட் எதற்கு?

“கட்டற்ற மென்பொருள் எழுதுகிறவர்களிடம் ஒழுங்கு இல்லை, அஜைல் முறைக்கு வந்தால்தான் உற்பத்தித்திறன் கூடும்.” வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, குறுகிய சுற்றுகளில் முடிப்பதுதான் அஜைல். ஐ.டி. வட்டாரத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதற்கு மூன்று காரணங்கள் சொல்கிறார்கள்.

முதலாவது, தினமும் கூடிப் பேசாவிட்டால் வேலை நகராது. அஜைல் கொள்கைகளும் நேருக்கு நேர் பேசுவதையே சிறந்ததாகச் சொல்கின்றன. ஒரே அறையில் உட்காரும் குழுவுக்கு அது சரி. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதுகிறவர்களோ பல நாடுகளில் இருக்கிறார்கள். பேட்ச் எனப்படும் நிரல் மாற்றம், விவாதம், மறுப்பு எல்லாமே பெரும்பாலும் மின்னஞ்சலில்தான். எழுத்தில் இருப்பதால், பின்னால் வருகிறவரும் ஒரு முடிவின் காரணத்தைப் படித்தறியலாம். நம்மூர்ப் பெயர் தாங்கிய மதுரைத் திட்டத்தையே பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய அதை கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லொசானிலிருந்து நடத்தினார். அது மென்பொருள் அல்ல, தமிழ் நூல்களின் மின்பதிப்பு. ஆனால் வேலைமுறை இதுவே. வெவ்வேறு நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள்.

இரண்டாவது, ஸ்பிரின்ட் என்னும் சில வாரக் கெடு இல்லாவிட்டால் எதுவும் வெளிவராது. கெர்னலின் புதிய பதிப்பு ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை வருகிறது. முதல் இரண்டு வாரம் புதியவற்றைச் சேர்ப்பார்கள். பிறகு பிழைதிருத்தம் மட்டும். தயாராகாத வசதி அடுத்த பதிப்புக்குப் போகும், யாரையும் அவசரப்படுத்துவதில்லை. விரைவாக, அடிக்கடி வெளியிடும் இந்தப் பழக்கத்தை நிரலாளர் எரிக் ரேமண்ட் 1997-லேயே எழுதிவிட்டார். அஜைல் அறிக்கை வந்ததோ 2001-ல்.

மூன்றாவது, வெலாசிட்டி இல்லாமல் உற்பத்தித்திறனை அளக்க முடியாது. வெலாசிட்டி என்பது ஒரு குழு தன் வேலைக்குத் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண். நிலையான குழு, நிலையான நேரம் இருந்தால் திட்டமிட உதவும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து ஒரு பிழையைத் திருத்திப் போகிறவருக்கு அதை எப்படிப் போடுவது?

கட்டற்ற மென்பொருளில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. 2014-ல், இணையத் தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல்லில் ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை வெளிப்பட்டது. உலகமே நம்பியிருந்த அந்த நிரலை ஒரு சிலரே, சொற்பப் பணத்தில் பராமரித்து வந்தார்கள். அங்கே பற்றாக்குறை கூட்டத்துக்கா? படித்துச் சரிபார்க்கும் ஆளுக்கும் அவருக்குக் கொடுக்கும் கூலிக்கும்தான்.

சிறு மாற்றம், உடனடிச் சோதனை, பிறர் சரிபார்ப்பு ஆகிய அஜைலின் நல்ல பகுதிகள் இங்கே ஏற்கெனவே இருக்கின்றன. நம் மதுரையின் இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐ.டி. பூங்காக்களில் இருக்கும் நிறுவனங்கள் உண்மையிலேயே உதவ நினைத்தால், தாங்கள் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருளின் பேட்ச்களைச் சரிபார்க்க, சம்பளத்தோடு ஓர் ஊழியரின் நேரத்தை ஒதுக்கட்டும்.