ஆர்மோனியமும் மின்னிசைப் பலகையும்

மேற்கே ஏலமலை, நடுவே முல்லையாறு, இருமருங்கும் நெல்வயல்களும் திராட்சைப் பந்தல்களும் தென்னந்தோப்புகளும் சூழ, தேனி முதல் கூடலூர் வரை பரந்து கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. கோடை வந்துவிட்டால் அங்கு ஊர்தோறும் அம்மன் கோவில் விழா நடைபெறும். சித்திரை மாதத்தில் வீரபாண்டிக் கௌமாரியம்மன் திருவிழாவிற்குத் திரளும் கூட்டத்தைக் கண்டோர் அவ்விழாக்களின் சிறப்பை நன்கு அறிவர். விழா என்றால் இரவில் ஒரு நாடகமோ இன்னிசைக் கச்சேரியோ இருந்தே தீரும். அம்மேடையில் வைக்கப்படும் ஒரு பெட்டியைப் பற்றியே ஈண்டுக் கூற விழைகிறேன்.

சங்கரதாசு சுவாமிகள் 1922ஆம் ஆண்டில் மறைந்தார். எனினும் அவர் வகுத்த ‘வள்ளி திருமணம்’ முதலிய இசை நாடகங்கள் தென் மாவட்டங்களில் இன்றும் விடிய விடிய நடிக்கப்படுகின்றன. அந்நாடக மேடையின் ஓரத்தில் கால் ஆர்மோனியம் அமர்ந்திருக்கும். கனத்த மரப்பெட்டி, அதனைத் தாங்கக் கால்கள், அடியில் இரண்டு மிதிகள். வாசிப்பவர் நாற்காலியில் அமர்ந்து மிதிகளை மாறி மாறி அழுத்துவார். துருத்தியிலிருந்து எழும் காற்றுப் பித்தளை நாக்குகளை அதிரச் செய்ய, ஓசை பிறக்கும். காலே காற்றைத் தருவதால் இரு கைகளும் வாசிப்பதற்கு உரியனவாகும். ஒலிபெருக்கி இல்லாத நாளில் கடைசி வரிசையில் அமர்ந்தவனுக்கும் பாட்டைக் கொண்டு சேர்த்தது இந்தப் பெட்டியே.

ஆனால், அதனைச் சுமந்தவர் யார்? விளக்கொளியில் அமர்ந்திருந்த நமக்கு அவ்வினா எழுந்ததில்லை. ஒருவரால் தூக்க இயலாத அப்பெட்டியை இருவர் பிடித்துப் பேருந்தின் கூரைமேல் ஏற்ற வேண்டும். பொழுது புலர்ந்ததும் உறங்காத கண்களோடு இறக்க வேண்டும். மலையோரத்துச் சாரலில் மரம் ஊறும். கட்டைகள் அழுந்தியவை எழாமல் நிற்கும். துருத்தியின் தோலை எலி கடிக்கும். சுருதி குலைந்த நாக்குகளைச் சுரண்டிச் சரிசெய்யத் தெரிந்தோர் வரவர அருகி வருகின்றனர்.

இந்நிலையில் ‘கீபோர்டு’ என வழங்கும் மின்னிசைப் பலகை வந்தது. சிந்தசைசர் என்பதும் இவ்வினத்ததே. இன்னிசைக் குழுக்களில் அது முன்னரே வேரூன்றிவிட்டது. நாடக மேடையிலும் கால் வைத்துள்ளது. ஐந்து முதல் பத்துக் கிலோ எடை. தோளில் மாட்டிக்கொள்ள ஓர் உறை. போடிமெட்டுக்கு அப்பால் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் கச்சேரி என்றாலும், கலைஞர் ஒருவரே அதனைத் தோளில் இட்டுப் பேருந்து ஏறலாம்.

இதனைக் கண்டு வருந்துவோர் உளர். மரபு அழிகிறதே என்பது அவர் கவலை. அன்பு கொண்ட கவலைதான். எனினும் வரலாற்றைச் சற்று நோக்குதல் வேண்டும். ஆர்மோனியம் நம் முன்னோர் கண்ட கருவி அன்று. 1840களில் பாரிசு நகரத்தில் அலெக்சாந்தர் தெபேன் என்பார் செய்தது. கல்கத்தாவில் துவாரகநாத் கோசு 1875ஐ ஒட்டி அதனைத் தரையில் அமர்ந்து கையால் துருத்தி அசைக்கும் பெட்டியாக மாற்றினார். எடை குறைந்ததால்தான் அது இந்தியாவெங்கும் பரவிற்று. இன்று மரபு எனப் போற்றப்படும் கைப்பெட்டியும் அந்நாளில் கனத்த பெட்டியைக் குறைத்துச் செய்த புதுமையே அன்றோ?

மற்றொன்றும் உண்டு. 1940ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லவும் கமகம் காட்டவும் இயலாத கருவி, இந்திய இசைக்குப் பொருந்தாது என்பது குற்றச்சாட்டு. கவி தாகூரும் அவ்விலக்கை ஆதரித்தார். 1971இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. வானொலியில் இடம் பெறாத அந்த முப்பது ஆண்டுகளிலும் ஊர்ப்புற மேடை ஆர்மோனியத்தைக் கைவிடவில்லை என்பது என் உள்ளத்துக்கு உவகை தரும் செய்தி. அறிஞர் தீர்ப்பைக் காட்டிலும் பாடுவோரின் தேவை வலியது போலும்!

அத்தேவையை இப்பள்ளத்தாக்கின் பண்ணைப்புரம் நன்கு அறியும். அவ்வூரினரான பாவலர் வரதராசன் பொதுவுடைமை மேடைகளில் பாடியவர். 1958ஆம் ஆண்டு கேரளத்துத் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழரிடையே அவர் பாடிய பாடல்கள் புகழ் பெற்றவை. தம்பியர் அவரோடு ஊர் ஊராகச் சென்றனர். அவர்களுள் ஒருவரான இராசையா, ஆர்மோனியத்தில் பழகிய விரல்களோடு சென்னை சென்று, 1976இல் ‘அன்னக்கிளி’ திரைப்படத்தின் வாயிலாக இளையராசா என அறிமுகமானார். அவரே 1986இல் வந்த ‘புன்னகை மன்னன்’ திரைப்படத்தில் கணிப்பொறி இயக்கும் மின்னிசையைக் கையாண்டார். ஆயினும் வயலின் கலைஞர்களையும் தபேலாக் கலைஞர்களையும் அவர் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. புதிய கருவி அவருடைய குழுவில் மற்றும் ஓர் உறுப்பினராகச் சேர்ந்தது, அவ்வளவே. இதனைப் பின்னர்க் கூறவிருப்பதன்பொருட்டு நினைவிற் கொள்க.

பெட்டியின் சுமை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் ஆமண்டு ஆர்கன் 1935இல் விற்பனைக்கு வந்தது. அவ்வகையில் 1954இல் வெளிவந்த ‘பி-3’ இருக்கையோடும் கால்மிதிகளோடும் ஏறத்தாழ 190 கிலோ எடையுடையது. சாசு இசைக் கலைஞர் அதனை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றினர். மாடிப்படி கண்டால் நடுங்கினர். 1983இல் யமகா நிறுவனம் ‘டிஎக்சு-7’ என்னும் சிந்தசைசரை வெளியிட்டது. எடை பதினான்கு கிலோ. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவை விற்றன. பழைய பெட்டிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளியவர் பலர். அவ்வோசைக்கு ஏங்கிப் பின்னர் அவற்றைத் தேடி அலைந்தவரும் பலர். இன்று ஆமண்டு என்னும் பெயர் தாங்கிய நிறுவனமே, அப்பழைய ஓசையை எழுப்பும் மின்னணுப் பலகைகளை ஒருவர் தூக்கத்தக்க எடையில் செய்து விற்கிறது.

ஓசை ஒன்றாகுமா என்று கேட்பீர்கள். முற்றும் ஒன்றாகாது. மின்னிசைப் பலகைகள் பலவற்றில் உண்மைக் கருவியின் ஒவ்வொரு சுரமும் பதிவு செய்து நினைவகத்தில் வைக்கப்பட்டிருக்கும். கட்டையை அழுத்தினால் அப்பதிவு ஒலிக்கும். பத்து முறை ஒரே விசையோடு அழுத்தினால் பத்து முறையும் ஏறக்குறைய ஒரே ஓசைதான். பித்தளை நாக்கோ அப்படியன்று. காற்றின் விசைக்கேற்பக் குழையும், ஓங்கும், தேயும். சோகக் காட்சியில் துருத்தியை மெல்ல விட்டு ஓசையைப் பெருமூச்சாக்கும் வித்தை, காலின் வித்தை. நம் இளைஞர் பலகையை வாங்குகின்றனர். அதனோடு இணைக்கத்தக்க கால்மிதியை வாங்குவதில்லை. ஓசையை ஏற்றி இறக்கும் அம்மிதி இருந்தால் பழைய பெட்டியின் மூச்சில் ஒரு பாதியேனும் திரும்பி வரும்.

மற்றொரு வகையில் புதியது பழையதை வென்றும் நிற்கிறது. பலகையின் இடப்பக்கத்தில் சிறு சக்கரம் ஒன்று உண்டு. அதனை உருட்டினால் சுரம் வளையும். வானொலி ஆர்மோனியத்தின்மீது சாட்டிய குற்றத்திற்கு விடை அச்சக்கரத்தில் உள்ளது. கே. சத்தியநாராயணன் போன்றோர் அதனைக் கொண்டே கருநாடக இசையின் கமகங்களைக் கீபோர்டில் காட்டுகின்றனர். இனி, சுருதி மாற்றும் பொத்தான். இராசபார்ட்டு ஒரு கட்டையிலும் இசுதிரீபார்ட்டு வேறு கட்டையிலும் பாட, கால் ஆர்மோனியக்காரர் விரல்களை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார். பலகைக்காரர் பொத்தானை அழுத்திவிடுகிறார். இதனை நான் முழு மனத்தோடு வரவேற்கவில்லை. எல்லாக் கட்டைகளிலும் வாசிக்கப் பழகியவன் பொத்தானைப் பயன்படுத்தட்டும். பழகாதவன் பயன்படுத்தினால், பாடுபவர் இடையில் கட்டையை மாற்றும்போது திகைத்து நிற்பான். மின்சாரம் நின்றால் பலகை ஊமையாகும் என்பதும் உண்மையே. ஆனால் அப்போது விளக்கும் ஒலிபெருக்கியும் கூடவே நின்றுவிடுகின்றன.

ஆகவே, மாணவர்களே, கனத்த பெட்டியை இறக்கி வைப்பதில் எனக்குத் தடையில்லை. என் அச்சம் வேறு. அதே பலகையில் தாளப் பொத்தான்களும் உள்ளன. ஒன்றை அழுத்தினால் தபேலா, மற்றொன்றை அழுத்தினால் டோலக்கு. இடக்கை ஒரு சுரக்கூட்டைத் தொட்டால் துணையிசை முழுவதும் தானே ஓடும். ஐவர் செய்த வேலையை ஒருவர் செய்கிறார். விழாச் செலவைக் குறைக்க விரும்புவோருக்கு இது நல்ல செய்தியாகத் தோன்றும். ஆனால் பாடகர் உணர்ச்சிப் பெருக்கில் ஓர் அடியை நீட்டும்போது பொத்தான் காத்திராது; டோலக்குக்காரர் காத்திருப்பார், அவர் முகத்தைப் பார்த்துப் பாடகர் மீண்டு வருவார். இசை கெடுவது ஒரு பக்கம். தலைமுறைகளாக மேடையை நம்பி வாழும் குடும்பங்களின் அடுப்பு அணைவது மறுபக்கம். எடையைக் குறைக்க வந்த கருவி ஆட்களைக் குறைக்கப் பயன்படுவதைத்தான் நான் மறுக்கிறேன். பண்ணைப்புரத்துக் கலைஞர் 1986இல் கணிப்பொறியைத் தம் குழுவினரோடு அமர்த்திக்கொண்டதை முன்னர்க் கண்டோம். அதுவே நாம் பின்பற்றத்தக்க முறை.

இதனைக் காக்கும் பொறுப்பு இசைப்போரிடம் மட்டும் இல்லை. முன்பணம் கொடுப்பவர் விழாக் குழுவினர். வரும் சித்திரையில் கச்சேரி பேசும்போது, மேடை விளக்குகள் எத்தனை என்று கேட்பதற்கு முன்னர், தாளம் வாசிக்க ஆட்கள் வருகின்றனரா, அவர்களுக்கான ஊதியம் பேசிய தொகையில் அடங்கியுள்ளதா என்று அவர்கள் கேட்டறியட்டும்.