சார்ந்திருப்பவர்

அயல்நாட்டில் குடியேறிய தம்பதியரைப் பற்றி நம்மவர் எழுதும் கதைகளில் பனி பெய்கிறது, கறிவேப்பிலை கிடைப்பதில்லை, ஞாயிறு இரவு ஊருக்குத் தொலைபேசியில் பேசி முடித்தபின் இருவரும் சற்று நேரம் மௌனமாக இருக்கிறார்கள். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் 2006ஆம் ஆண்டு நியூ ஜெர்சியில் வந்திறங்கிய எங்களுக்கு இவற்றோடு பழக ஓராண்டு போதுமானதாக இருந்தது. எடிசன் நகரின் ஓக் ட்ரீ சாலையில் கறிவேப்பிலையும் கிடைத்தது, வெற்றிலையும் கிடைத்தது. பனியை வாரித் தள்ளக் கற்றுக்கொண்டோம். பழக முடியாமல் போனது வேறொன்று. அதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பதே எங்கள் வருத்தம்.

எங்களில் ஒருவர் எச்1பி விசாவில் மென்பொருள் பணிக்கு வந்தார். மற்றவர் ஊரில் ஐந்து ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர். மனைவி என்ற தகுதியில் எச்4 விசாவில் வந்தார். சட்டத்தின் மொழியில் அவர் 'சார்ந்திருப்பவர்'. படிக்கலாம், ஊதியமில்லாத் தொண்டு செய்யலாம், ஊதியத்துக்கு வேலை செய்யக் கூடாது. வேலை செய்யும் அனுமதி இல்லாததால் சமூகப் பாதுகாப்பு எண்ணும் இல்லை. ஓட்டுநர் உரிமம் பெறுவதற்காக, இவருக்கு அந்த எண் வழங்க இயலாது என்று எழுதித் தரும் கடிதத்துக்கு ஓர் அலுவலகத்தில் காத்திருந்தோம்; பின் அக்கடிதத்துடன் இன்னோர் அலுவலகத்தில் காத்திருந்தோம்.

வேலைக்குச் சென்றவருக்குப் புதிய நாடு அலுவலகத்தின் வழியாக அறிமுகமாயிற்று. சக ஊழியர்கள், மதிய உணவு வேளை, அவர் வராவிட்டால் ஏனென்று கேட்க நான்கு பேர். வீட்டில் இருந்தவருக்கோ காலையில் கதவு சாத்தப்பட்டபின் மாலைவரை பெயர் சொல்லி அழைப்பவர் எவருமில்லை. வாரம் இருமுறை பொது நூலகத்தில் புத்தகங்களை அடுக்கிவைக்கும் தொண்டு மட்டுமே அவருக்கு வெளி உலகமாக இருந்தது. வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும்தான் இருந்தது. ஆயினும் கேட்காமலேயே கடைச் சீட்டுகளை மேசைமேல் எடுத்துவைக்கத் தொடங்கினார். வேண்டாம் என்று சொல்லியும் அவ்வழக்கம் நிற்கவில்லை. ஊருக்கு எழுதிய மின்னஞ்சல்களில் மட்டும் 'நாங்கள் நன்றாகப் பழகிக்கொண்டோம்' என்று எழுதினோம். அந்த 'நாங்கள்' பாதி பொய்.

விதிகளைத் தெரிந்துதானே போனீர்கள் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. தெரியும். ஆனால் மூன்றாண்டு, மிஞ்சினால் ஆறாண்டு என்றே எண்ணியிருந்தோம். பச்சை அட்டை வழங்குவதில் எந்தவொரு நாட்டவருக்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் பொதுவாக 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது. எனவே இந்தியர்களின் வரிசை நீண்டுகொண்டே போகிறது. வரிசையில் இடம் பிடித்தவரின் எச்1பி ஆறாண்டுகளைத் தாண்டியும் நீட்டிக்கப்படுகிறது. தற்காலிகம் என்று வந்தது இப்படித்தான் வாழ்க்கையாகிறது. ஒரே நிறுவனம் தன் அயல்நாட்டுக் கிளையிலிருந்து மாற்றி அழைத்துவரும் எல்1 ஊழியரின் துணைவருக்கு 2002 முதலே வேலை செய்யும் வாய்ப்பு உண்டு. பக்கத்து வீட்டுப் பெண் வேலைக்குப் போக, இவர் மட்டும் ஏன் போகக் கூடாது என்பதற்கு எங்களுக்குத் தெரிந்து நியாயமான பதில் எதுவும் இல்லை.

பச்சை அட்டைக்கான மனு ஏற்கப்பட்ட எச்1பி ஊழியர்களின் துணைவர் வேலை செய்யலாம் என்ற விதி 2015 மே 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு இறுதியில் எங்களுக்கும் அந்த அனுமதி அட்டை கிடைத்தது. முதல் நேர்முகத்திலேயே கேட்டார்கள்: இந்த ஒன்பது ஆண்டுகள் என்ன செய்தீர்கள்? வேதியியல் கற்பித்தவர் இன்று ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர்.

சட்டத்தை மட்டும் குறை சொல்லி முடித்துக்கொள்வது நேர்மையாகாது. அந்த ஏற்பாடு எங்களில் ஒருவருக்கு வசதியாகவும் இருந்தது. மாலையில் சூடான உணவு இருந்தது. 'அனுசரித்துப் போ' என்று ஊரிலிருந்து பெரியவர்கள் சொன்னது ஒருவருக்கு மட்டுமே சொல்லப்பட்ட அறிவுரை என்பது அப்போது இருவருக்குமே உறைக்கவில்லை. 2009இல் முதல் மூன்றாண்டு முடியும் தறுவாயில், திரும்பிவிடலாமா என்று ஒரு மாலை பேசினோம். கார்க் கடன், பதவி உயர்வு, வரிசையில் கிடைக்கவிருந்த இடம் என எல்லாக் காரணங்களும் ஒருவர் பக்கத்திலிருந்தே வந்தன, மற்றவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மாலையையும் 'நாங்கள் முடிவு செய்தோம்' என்றே இதுவரை சொல்லிவந்திருக்கிறோம்.

புறப்படவிருக்கும் இளந்தம்பதியர் எங்களிடம் கேட்பது, பிரஷர் குக்கர் கொண்டுவர வேண்டுமா, குளிருக்கு எத்தகைய உடை வேண்டும் என்பவைதாம். அவையெல்லாம் இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். சார்ந்திருப்பவருக்கான விதிகளை இருவரும் சேர்ந்து அமர்ந்து படியுங்கள் என்பதே நாங்கள் சொல்ல விரும்புவது. இருப்பதா திரும்புவதா என்று மீண்டும் பேசுவதற்கு ஒரு தேதியையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் முதலில் பேச வேண்டியவர் சார்ந்திருப்பவர்.