துருவ நட்சத்திரம் 7 பாகையில் நிற்கும் ஊருக்கு எந்த மவுண்ட்

வானத்தை நீண்ட நேரம் படமெடுக்கும் கமரா பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் திரும்ப வேண்டும். தன் அச்சுகளில் ஒன்றைப் பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு சுற்று என்ற கதியில் கமராவைத் திருப்பும் தாங்கிதான் ஈக்குவற்றோரியல் மவுண்ட். கொழும்பில் அதை வாங்க நினைப்பவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை, வேண்டாம் என்பது. துருவ நட்சத்திரம் தெரியாத ஊரில் அதை நேராக்க முடியாது, மத்தியகோட்டுக்கு அருகில் நட்சத்திரங்கள் செங்குத்தாக ஏறுவதால் சாதாரண மவுண்டே போதும், நகர வெளிச்சத்தில் நீண்ட படத்துக்கு இடமில்லை, ஆகவே பணத்தைப் பெரிய தொலைகாட்டியில் போடு என்கிறார்கள். இவற்றில் முதலாவதில் பாதி உண்மை உண்டு. மற்றவை பிழை.

கொழும்பின் அகலக்கோடு ஏறத்தாழ 6.9 பாகை வடக்கு. வான் துருவமும் தொடுவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். வெள்ளவத்தை மொட்டைமாடியிலிருந்து வடக்கே பார்த்தால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டிப் பக்கத்துத் தொடர்மாடிகளும் அவற்றின் ஒளியும் அந்த இடத்தை மூடிவிடுகின்றன. கொட்டாஞ்சேனையிலும் கூரைகளுக்கு மேலுள்ள ஈரப் புகாரில் துருவ நட்சத்திரம் அரிதாகவே தெரியும். தெரிந்தாலும் அதை அப்படியே நம்பிவிட முடியாது. அந்தத் தாழ்வில் வளிமண்டல முறிவு நட்சத்திரத்தை ஏறத்தாழ 7 கலை, அதாவது பாகையின் ஒன்பதில் ஒரு பங்களவு, உயர்த்திக் காட்டும்.

ஆனால் மவுண்டை நேராக்கத் துருவ நட்சத்திரம் தேவையே இல்லை. நகர்வு முறை என்ற பழைய வழி ஒன்று உண்டு. தலைக்கு மேலே வடக்குத் தெற்காகச் செல்லும் உச்சிக்கோட்டருகே, வான்மத்தியகோட்டை ஒட்டிய ஒரு நட்சத்திரத்தைச் சில நிமிடம் பின்தொடர்ந்து, அது வடக்கே நகர்கிறதா தெற்கே நகர்கிறதா என்று பார்த்து மவுண்டைக் கிடையாகத் திருப்ப வேண்டும். பிறகு கிழக்கிலோ மேற்கிலோ தாழ நிற்கும் நட்சத்திரம் ஒன்றைக் கொண்டு அச்சின் உயரத்தைத் திருத்த வேண்டும். இந்த முறைக்குக் கொழும்பு வாய்ப்பான ஊர். வான்மத்தியகோடு இங்கே ஏறத்தாழ தலைக்கு மேலாகவே போகிறது. வெள்ளவத்தைக்கு மேற்கே கடல் திறந்து கிடக்கிறது. கணினி இருந்தால் வானத்தின் 3 இடங்களைப் படமெடுத்து, அவற்றிலிருந்து அச்சின் பிழையைக் கணக்கிடும் மென்பொருளும் உண்டு. அதற்கும் துருவம் தெரிய வேண்டியதில்லை. அந்த 7 கலைப் பிழையே எஞ்சினாலும் நட்சத்திரம் நிமிடத்துக்கு 2 விகலைக்கு மேல் விலகாது. 135 மி.மீ. வில்லையில், 4 மைக்ரோன் பிக்சல் ஒன்றே 6 விகலையை அடக்கும்.

தாழ்ந்த அகலக்கோட்டில் ஈக்குவற்றோரியல் அமைப்பு வேலை செய்யாது என்பதைத் தமிழ்நாட்டின் இரண்டு கருவிகளே பொய்யாக்குகின்றன. காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீற்றர் வைணு பாப்பு தொலைகாட்டி 12.6 பாகையில் ஈக்குவற்றோரியல் தாங்கியில் நிற்கிறது. ஊட்டி வானொலித் தொலைகாட்டியின் கதை இன்னும் அழகானது. 530 மீற்றர் நீளமான அதன் உடல் 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. வானொலி வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பின் குழு ஊரின் அகலக்கோட்டுக்கு ஒத்த சரிவைத் தேடிப் பிடித்ததால், மலையே துருவ அச்சைத் தாங்கி நிற்கிறது.

அடுத்தது, மேல்கீழாகவும் பக்கவாட்டாகவும் திரும்பும் சாதாரண மவுண்ட் போதும் என்ற பேச்சு. நேர் கிழக்கிலும் நேர் மேற்கிலும் அது சரி. அங்கே படம் சுழல்வதில்லை. ஆனால் கொழும்பில் சிறந்த வான்பொருட்கள் பல உச்சியை ஒட்டிப் போகின்றன. ஓரியன் நெபுலா உச்சிக்கோட்டைக் கடக்கையில் ஏறத்தாழ 78 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது அந்த மவுண்டில் படம் மணிக்கு 70 பாகை வேகத்தில் சுழலும். ஒரு நிமிடப் படத்தில், மையத்திலிருந்து 2000 பிக்சல் தள்ளியுள்ள நட்சத்திரம் 40 பிக்சல் நீள வில்லாக இழுபட்டுவிடும்.

நகர வெளிச்சம் பற்றிய வாதம் இதைவிடப் பலவீனமானது. கொட்டாஞ்சேனையின் மேற்கு வானம் துறைமுக விளக்குகளால் வெளுத்திருப்பது உண்மை. வண்ணப் படங்களுக்கு அங்கே குறுகிய நேரமே கிடைக்கும். ஆனால் அந்த ஒளியைத் தாண்டும் வழி குறும்பட்டை வடிகட்டி. ஐதரசனின் 656.3 நனோமீற்றர் சிவப்பை மட்டும் விடும் வடிகட்டி நகர ஒளியில் பெரும்பகுதியைத் தடுக்கும், கூடவே பொருளின் ஒளியிலும் பெரும்பகுதியை. எனவே ஒவ்வொரு படமும் பல நிமிடம் ஓட வேண்டும். ஒளி மிகுந்த ஊரில் இருப்பவருக்குத்தான் நல்ல மவுண்ட் கூடுதலாகத் தேவை.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. பரவலாக விற்கும், எதிரெடையால் சமன் செய்யும் ஜெர்மன் வகை ஈக்குவற்றோரியல் மவுண்டுகள் பலவற்றின் அச்சு 10 அல்லது 15 பாகைக்குக் கீழே இறங்காது. இறங்கினாலும் எதிரெடைத் தண்டு முக்காலியின் காலில் முட்டும். முக்காலியின் ஒரு காலைத் தெற்கே வைத்து, அதை நாலைந்து சென்ரிமீற்றர் உயர்த்தினால் 3 பாகை கிடைக்கும். தண்டும் வடக்கிலுள்ள இரு கால்களுக்கு நடுவே தொங்கும். 2022இல் வந்த இசட்.டபிள்யூ.ஓ. ஏஎம்5 போன்ற, எதிரெடை இல்லாமலே 13 கிலோ சுமக்கும் மவுண்டுகளில் முட்டும் தொல்லை இல்லை. ஆனால் அவற்றின் பல்லிணைப்பில் சுழற்சிதோறும் திரும்பவரும் பின்தொடர் பிழை அதிகம் என்பதால், ஒரு நட்சத்திரத்தைக் கண்காணித்து அதைத் திருத்தும் வழிகாட்டிக் கமரா கட்டாயம்.

பெரிய தொலைகாட்டியைப் பொறுத்தவரை, 1 மீற்றர் நீளக் குழாய் வெள்ளவத்தைக் கடற்காற்றில் பாய்போல் காற்றைப் பிடிக்கும். மெலிந்த மவுண்டில் அதைக் கட்டினால் எந்தப் படமும் கூராக வராது. பெட்டியில் எழுதிய சுமை எல்லை கண்ணால் பார்ப்பதற்கானது. படமெடுக்க அதில் பாதியை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. நடுத்தர மவுண்ட் ஒன்று முக்காலியும் எதிரெடையும் சேர்த்து 25 கிலோவைத் தாண்டும். லிப்ட் இல்லாத தொடர்மாடியின் நாலாம் மாடிக்கு அதை இரவுதோறும் தூக்குவது சுலபமல்ல.

கொழும்பில் முதல் மவுண்ட் வாங்குபவருக்கு 5 கிலோ சுமக்கும் சிறிய பின்தொடர் மவுண்டும் 135 மி.மீ. வில்லையும் ஏற்றவை. கடைக்காரரிடம் பணம் கொடுக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இதன் அச்சு 7 பாகைக்கு இறங்குமா? ஆம் என்றால், உங்கள் கண் முன்னே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.