சாமி, எங்க புள்ளைங்களுக்குப் படிக்கத் தெரியல

என் தங்கச்சி மகனுக்குப் பத்து வயசு. செங்கல்பட்டுப் பக்கத்தில் எங்கள் காலனி ஆர்.சி. தொடக்கப்பள்ளியில் அஞ்சாம் வகுப்பு முடித்துவிட்டான். இந்தக் கோடையில் ஊருக்குப் போனபோது அவன் நோட்டைப் புரட்டினேன். முத்து முத்தான கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் 'சரி' போட்டிருந்தது. "இதப் படிடா கண்ணு" என்றேன். முழித்தான். அவனே எழுதிய வரி, அவனுக்கே படிக்க வரவில்லை. "போர்டுல இருக்கறதப் பாத்து எழுதுவோம் மாமா" என்றான். அவன் எழுதவில்லை, வரைந்திருக்கிறான். அஞ்சு வருசமாக வரைந்திருக்கிறான். விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லச் சொன்னேன். ஒரு பிழையில்லாமல் சொன்னான்.

என் தாத்தா படித்ததும் இதே பள்ளிக்கூடம்தான். அதை மறைக்கமாட்டேன். ஊர்ப் பள்ளிக்கூடத்துத் திண்ணையில்கூட எங்களை ஏற்றாத காலத்தில், ஓலைக் கொட்டாய் போட்டு அ, ஆ சொல்லிக்கொடுத்தது மிஷன். 1893ல் சென்னை அரசாங்கம் பஞ்சமர் கல்விக்கென்று தனி ஆணை போட்டதில் மிஷனரிகளின் முறையீடுகளுக்கும் பங்கு உண்டு. தாத்தா படித்தது மூணு வகுப்பு. ஊர்க்காரன் ஒருவன், கடன் சீட்டு என்று சொல்லி ஒரு காகிதத்தை நீட்டி, கைநாட்டு வை என்றான். தாத்தா வாங்கிப் படித்தார். அது கிரயப் பத்திரம். எங்களுக்கிருந்த ஒரு காணி நிலத்தைக் காப்பாற்றியது அந்த மூணு வகுப்புதான். அதே பத்திரத்தை இன்று அவர் கொள்ளுப்பேரனிடம் நீட்டினால், அதை அப்படியே அழகாகப் பார்த்து எழுதித் தருவான்.

இன்றைக்கு அந்தப் பள்ளி எப்படி நடக்கிறது? அஞ்சு வகுப்புக்கு ரெண்டு வாத்தியார். வாத்தியார் சம்பளம் அரசாங்கம் தருகிறது. புத்தகம், சீருடை, மதியச் சோறு எல்லாம் அரசாங்கம். 2024 ஜூலையிலிருந்து கிராமத்து உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்குக் காலைச் சாப்பாடும் வந்துவிட்டது. அதுவும் அரசாங்கம். கட்டடத்துக்கு மண் சுமந்தது எங்கள் ஆயாக்கள். அப்படியானால் நிர்வாகம் என்னதான் தருகிறது? வாத்தியாரை நியமிக்கிற அதிகாரத்தை மட்டும் தன் கையில் வைத்திருக்கிறது. யாருடைய ஆள், என்ன சாதி என்பதெல்லாம் தாளாளர் அறைக்குள்ளேயே முடிந்துபோகிற சங்கதி. எங்கள் தெருவில் ஆசிரியர் பயிற்சி முடித்த பெண்கள் நாலு பேர் இருக்கிறார்கள். ஒருத்தரையும் கூப்பிட்டதில்லை.

இதே நிர்வாகம் டவுனில் இங்கிலீஷ் மீடியம் நடத்துகிறது. அங்கே வகுப்புக்கு ஒரு டீச்சர். ஒரு பிள்ளை வாசிக்கத் தடுமாறினால் மறுநாளே அப்பனைக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். பீஸ் கட்டுகிறவன் கேள்வி கேட்பான் என்ற பயம். நம்ம ஆள் கேட்டால்?

நான் கேட்டேன். பங்குச்சாமியார் சொன்னார்: "தம்பி, வீட்ல சொல்லிக்குடுக்க ஆளில்லப்பா. பெத்தவங்களுக்கு அக்கற வேணும்ல?"

சாமி, களையெடுத்துட்டு இருட்டுனப்புறம் வீடு வர்ற அம்மா சொல்லிக்குடுத்துட முடியும்னா ஒங்க பள்ளிக்கூடம் எதுக்கு? என் தாத்தாவைப் பெத்தவங்களுக்கு எந்த எழுத்து தெரியும்? அவர் படிக்கலையா? அன்னைக்கு வாத்தியார் சொல்லிக்குடுத்தார், படிச்சார். அவ்வளவுதான்.

பள்ளி நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தருகிறது. அந்தச் சிறுபான்மைக்குள் பெரும்பான்மை யார்? 2016ல் ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையே ஒத்துக்கொள்கிறது: இந்தியாவில் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர், அதில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியல் சாதி உரிமையை இழந்து இந்தக் கணக்கில் நிற்கிறவர்கள் நாங்கள். தலை எண்ணுவதற்கு நாங்கள், தாளாளர் நாற்காலிக்கு நீங்களா?

இந்துத்துவக்காரன் மிரட்டுகிற நேரத்தில் சபையை இப்படிப் பேசலாமா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். பள்ளியை மூடு என்று நான் சொல்லவில்லை. மூடினால் நட்டம் எங்களுக்குத்தான். எதிரியைக் காட்டிக் காட்டியே எங்கள் வாயை அடைத்து, அஞ்சு வயசில் வருகிற பிள்ளையைப் பத்து வயசில் தற்குறியாக அனுப்பாதே என்கிறேன்.

நாங்கள் கேட்பது மூணு. டவுன் பள்ளி வருமானத்திலிருந்து இங்கே இன்னும் ஒரு வாத்தியார், எங்கள் தெருப் பெண்களில் ஒருத்தர். வேலைக்கு யாரை எடுத்தார்கள், யாரை ஒதுக்கினார்கள், ஏன் என்ற விவரம் கோயில் சுவரில் ஒட்டப்படவேண்டும். வருசாவருசம் திருவிழா அன்று அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் முன்பின் பார்த்திராத ஒரு பக்கத்தைப் பெற்றவர்கள் முன்னால் வாசிக்கவேண்டும். இதற்கெல்லாம் ரோமாபுரியின் அனுமதி தேவையில்லை.

ஜூனில் என் தங்கச்சி மகன் ஆறாம் வகுப்புக்குப் போகிறான். அந்த நாலு பெண்களில் ஒருத்தர் இப்போது சாயங்காலத்தில் அவனையும் இன்னும் பதினோரு பிள்ளைகளையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். கோயில் வராண்டாவைக் கேட்டோம். பூசைக்கு இடைஞ்சலாம். தெருவிளக்குக் கம்பத்தடியில் நடக்கிறது.