கடைக்குப் போனா ஏன் ரொட்டி கேக்க மாட்டோம்?

அப்புத்தளை டவுன்ல வெளிய சாப்பிடுறதுன்னா எங்களுக்கு ரெண்டுதான்: கொத்து, இல்லன்னா பிரைட் ரைஸ். சம்பள நாளானாலும் கெம்பஸ்ல இருந்து லீவுக்கு வந்த நாளானாலும் அதேதான். டூரிஸ்ட் வந்தா 'ரைஸ் அன் கறி'. லயத்துல விடியக்காலம் சுடுற ரொட்டியும் கட்டசம்பலும் மெனுவில கண்ணுல படுறது அபூர்வம். இத்தனைக்கும் கொத்துக்குள்ள இருக்கிறதும் ரொட்டிதான்! கொத்திப் போட்டா மட்டும் மவுசு வந்துடுது.

வெக்கம்தான் காரணம்னு நாங்க நினைக்கிறோம். ரொட்டி நம்ம ஊர்ல ஏழ்மையோட அடையாளம். அதுல உண்மையும் இருக்கு. தமிழ்நாட்டுல இருந்து வந்த நம்ம முன்னோர் ரொட்டி தின்னு வளர்ந்தவங்க இல்ல. 1942இல் பர்மா அரிசி நின்னுபோனப்போ அந்த இடத்துக்கு வந்தது கோதுமை மா. 1973, 74 பஞ்சத்துல அந்த மாவுக்கும் வழியில்லாம தோட்டங்கள்ல எத்தனையோ பேர் செத்துப்போனாங்க. அதனால 'பாரம்பரிய உணவு'ன்னு பூ வச்சுக் கொண்டாட எங்களுக்கு மனசு வரல. காலையில பெரட்டுக்கு ஓடணும், ரொட்டின்னா சுருட்டிக் கையோட மலைக்குக் கொண்டு போகலாம். அதுக்காகத்தான் அது நிலைச்சது.

ஆனா வறுமையில பொறந்த சாப்பாடுன்னு ஒளிச்சு வைக்கணுமா? செக் நாட்டுல மாவை அவிச்சுத் துண்டு போட்டு, இறைச்சிக் குழம்போட உணவகத்துல பெருமையா வைக்கிறாங்க. நாமளும் வைக்கலாம். வெறும் ரொட்டியா இல்லாம பருப்பு, கீரை, கருவாட்டுக் குழம்போட. இதை ருசிக்காக மட்டும் சொல்லல. 2016 கணக்கெடுப்புல வயசுக்கேத்த உயரம் இல்லாத சின்னப் பிள்ளைங்க நாடு முழுக்க நூத்துக்கு 17 பேர், தோட்டங்கள்ல 32 பேர். வெறும் மாவும் சம்பலும் போதாதுங்கிறதையும் சேர்த்துத்தான் பேசணும்.

இன்னொரு பயமும் இருக்கு. நாளைக்கு ஏதாவது ஒரு பங்களா ஹோட்டல் இதைக் கண்டுபிடிச்சு, வாழை இலையில வச்சு, ஒரு நாள் பேருக்கு ஈடா விலை போடும். அப்போ ரொட்டி நம்மளோடதா இருக்கும், கல்லா வேற யாரோடதோ. அதுக்கு முன்னாடி கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற அம்மாமார் நாலு பேர் சேர்ந்து டவுன்ல ஒரு கடை போட முடியாதா? வாடகை, லைசன்ஸ், முதல் மாசத்து மா மூட்டைக்குக் கடன், இதுக்கெல்லாம் யாரைப் பிடிக்கணும்னு தெரிஞ்சவங்க எழுதுங்க. மெனு எழுத நாங்க ரெடி.