நோயைத் தேடிப் போன ஒருவரும் எங்கட தென்னைகளும்

போன விடுமுறைக்கு ஊருக்குப் போன எங்களில் பாதிப்பேர் ஒரே கதையோடுதான் கம்பசுக்குத் திரும்பினோம். தென்னோலையின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை ஈ. மேற்பக்கம் கரி பூசின மாதிரிக் கறுப்பு. வளவுக்குள் வந்த எல்லாரும் கேட்டதும் ஒரே கேள்விதான்: "இதுக்கு என்ன மருந்து அடிக்கிறது?"

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு அந்தச் சொல்தான் இடறுகிறது. பூச்சியைக் கொல்லும் நஞ்சுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மருந்து. பூச்சிக்கும் நோய் வரும், அந்த நோய் எங்களுக்கு உதவும் என்று யாரும் யோசிப்பதில்லை. அப்படி யோசித்த ஒருவரைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம்.

கருவண்டைத் தெரியாத தென்னைக்காரர் இல்லை. குருத்தைத் துளைக்கும், பிறகு ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி இருக்கும். இந்த வண்டு 1909 அளவில் இலங்கையிலிருந்து போன இறப்பர் கன்றுகளோடு பசிபிக் கடலில் உள்ள சமோவாவுக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கட நாட்டுச் சாமான்தான்! அங்கே அதைக் கட்டுப்படுத்த எதுவும் இருக்கவில்லை. வண்டையும் புழுவையும் சனம் தேடிப் பொறுக்க வேண்டும் என்று சட்டம்கூடப் போட்டார்கள். வண்டு அடங்கவில்லை; பக்கத்துத் தீவுகளுக்கும் பரவியது.

1963 இல் அலோயிஸ் ஹூகர் என்ற ஜேர்மனியப் பூச்சி நோயியலாளர் மலாயாவுக்குப் போனார். வண்டு காலங்காலமாக வாழும் இடத்தில் அதற்கு நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவரது வேலை. உடல் வெளிறிக் கண்ணாடி மாதிரி ஆன புழுக்களைக் கண்டார். காரணம் ஒரு வைரசு. 1967 இல் அதைச் சமோவாவில் விட்டார்கள். வைரசு வண்டின் குடலில் பெருகும், எச்சத்தோடு வெளியே வரும். நோய்பட்ட வண்டு உடனே சாகாது. உக்கின குற்றிக்கும் எருக்கும்பிக்கும் பறந்து போய் மற்ற வண்டுகளுக்கும் புழுக்களுக்கும் தொற்றவைத்துவிட்டுத்தான் சாகும். தென்னைச் சேதம் நன்றாகக் குறைந்தது. பிறகு பீஜி, தொங்கா போன்ற தீவுகளிலும் அதையே செய்தார்கள்.

இதை ஒரு மந்திரக்கதையாகச் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. 2007 இல் குவாம் தீவில் காணப்பட்ட கருவண்டு வகைக்கு அந்த வைரசு வேலை செய்யவில்லை. ஆய்வாளர்கள் திரும்பவும் தேடத் தொடங்கவேண்டி வந்தது. உயிரியல் கட்டுப்பாடு என்றால் இதுதான். ஒருக்கால் செய்துவிட்டு மறந்துபோகிற காரியம் இல்லை.

அதனால்தான் 2021 ஐ எங்களால் மறக்க முடியவில்லை. இரசாயன உரமும் விவசாய இரசாயனங்களும் நாட்டுக்குள் வரக்கூடாது என்று மே மாதம் தடை வந்தது. நவம்பரில் அதைக் கைவிட்டார்கள். நஞ்சு குறையவேண்டும் என்பதில் எங்களுக்கும் மறுப்பில்லை. ஆனால், ஒரு வண்டுக்கு ஒரு வைரசைக் கண்டுபிடித்து வயலில் விடவே நான்கு வருசம் எடுத்தது. மாற்று எதையும் கையில் கொடுக்காமல் விவசாயியிடம் "இயற்கைக்கு மாறு" என்பது அவரைத் தனியே விடுவதுதான்.

இந்த வேலை எங்கட நாட்டுக்குப் புதிதும் இல்லை. தேயிலையை அழித்த இலைச்சுருட்டிப் புழுவுக்கு 1930களிலேயே ஜாவாவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது வெற்றியும் கண்டது. தோட்டக் கம்பனிகளின் பயிருக்குக் கிடைத்த அந்தப் பொறுமை, நாலு தென்னை வைத்திருக்கும் அப்பம்மாவின் வளவுக்கும் கிடைக்கவேண்டும் என்றுதான் கேட்கிறோம். ஆய்வுக்குக் காசும் காலமும் வேண்டும். முடிவுகள் தமிழில், விளங்குகிற மாதிரி ஊருக்கு வரவேண்டும்.

அதுவரை எங்களால் முடிந்தது ஒன்று இருக்கிறது. கண்டபாட்டுக்கு நஞ்சடித்தால் வெள்ளை ஈயைத் தின்னும் பூச்சிகளும், அதில் முட்டையிடும் சிறு குளவிகளும் சேர்ந்தே சாகும். ஆகவே, அடுத்தமுறை வீட்டில் "என்ன மருந்து?" என்று கேட்டால், "இதை என்ன தின்னும், இதுக்கு என்ன நோய் வரும்?" என்று திருப்பிக் கேட்டுப்பாருங்கோ. கேள்வி மாறினால்தான் தேடலும் தொடங்கும்.