கோடு நகர்ந்தது, வயல் நகரவில்லை

"நெய்யாறு கேரளத்து ஆறு, தமிழ்நாட்டுக்கு அதில் என்ன பாத்தியதை?" என்கிறார்கள். கேட்பதானால் நெய்யாற்றுப் பாசனத் திட்டம் போட்டவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். திருவிதாங்கூர்-கொச்சி காலத்துத் திட்டம் அது. இடதுகரை சானலை நம்பி இன்று தமிழ்நாட்டில் இருக்கும் விளவங்கோடு தாலுகாவில் சுமார் 9,200 ஏக்கர். 1956 நவம்பர் 1-இல், மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது, எல்லைக்கோடு களியக்காவிளைக்கு வந்தது; வயல் எங்கும் போய்விடவில்லையே!

2004-இல் கேரளத்திலிருந்து தண்ணீர் வருவது நின்றது. 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. சானலுக்குள் புல் மண்டிக் கிடக்க, நெல் நின்ற இடத்தில் வாழையும் ரப்பரும். (குளத்தை நிரப்பி மனை போட்ட நம்மவர்களும் யோக்கியர்கள் அல்ல.)

ஒருங்கிணைந்த நீர்வள மேலாண்மை, அதாவது ஆற்றை முழுதாக ஒன்றாகப் பார்க்க வேண்டும், என்று கருத்தரங்கில் முழங்குகிறவர்கள், அணையை ஒரு மாநிலத்துக்கும் கடைமடையை இன்னொன்றுக்கும் எழுதிவைத்து, நடுவில் மதகைப் பூட்டலாமா?